டாலா குளத்துக்கு வந்த கிழக்குப் பூச்சி

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்குப் போய்ப் பவுனம்மாள் வீடு எது என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். மா ஷ்வே ஸின் வீடு என்றால், எந்த மா ஷ்வே ஸின் என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். பூச்சி ஸயாமா வீடு என்று கேட்டுவிட்டால் கதையே வேறு. வெற்றிலைக் கடைக்காரர் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு, ரயில் பாதையைப் பார்த்த கட்டடத்தின் மாடிப்படியைக் கையால் காட்டுவார். ஸயாமா என்றால் அந்த ஊரில் டீச்சர். மூன்று பெயரும் ஒரே பெண்ணுக்குத்தான். முதல் பெயர் தகப்பனார் நல்லப்பன் வைத்தது. இரண்டாவது, பர்மியத் தாயார் பள்ளிக்கூடத்தில் பதிந்தது. மூன்றாவது அவளாகத் தேடிக்கொண்டது.

1988இல் அவள் விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாணவர் கிளர்ச்சியும் துப்பாக்கிச் சூடுமாக அந்த வருடம் ரங்கூன் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தை இழுத்து மூடினார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று பார்த்துப் பார்த்து மூன்று வருடம் போயிற்று. வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணை எந்தச் சமூகம் சும்மா விட்டது? வரன்கள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும், படிப்பு எதற்கு, நிறுத்திவிடலாம் என்றார்கள். செல்லையா ஒருவர்தான், “காலேஜ் தொறந்தா போகட்டும், நான் வேணா டிபன் கட்டிக் குடுக்கிறேன்” என்றார். எட்டாவதோடு நின்றவர். ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. கல்யாணம் முடிந்தது. காலேஜும் திறந்தது. டிபன் கட்டிக் கொடுத்தாரா என்றால், கொடுத்தார். உப்புத்தான் எப்போதும் தூக்கல்.

செல்லையாவுக்கு வாய் ஓயாது. எந்த ரயில் எங்கே நின்றது, எந்த மூட்டையில் என்ன வந்தது, எந்த அதிகாரி யாரைத் திட்டினான் என்று சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். பவுனம்மாள் நேர்மாறு. நாலு கேள்விக்கு ஒரு பதில். அந்த வீட்டில் சத்தம் ஒரு பக்கமிருந்தே வந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அவள் எம்.எஸ்ஸி. முடித்து அதே துறையில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். 1996 கடைசியில் மறுபடியும் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கலா என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் கோளாறு என்றார்கள், முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்த அன்று செல்லையா பொழுது சாயும்வரை வீடு திரும்பவில்லை. வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், புருஷனைக் காணோம். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை மறக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கலா என்ற பெயரை இருவருமே எடுக்கவில்லை. வாய் ஓயாத மனிதரும் எடுக்கவில்லை என்பது அவளுக்கு உள்ளூர ஆத்திரமாக இருந்தது. இவருக்கு எல்லாமே லேசு என்று நினைத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகம் திரும்பத் திறந்தபோது ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, புதுச் சுண்ணாம்பு வாசனையோடு திறந்தது. கியாக்தான் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பாலம் கடந்து போக வேண்டும். அங்கேதான், 2003இல், அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். எடுத்துக்கொண்டது ஒரு நீர்ப்பூச்சி.

அந்தப் பூச்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம்; பார்த்தும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். குளத்தோரம் ஆகாயத்தாமரை வேரைத் தூக்கினால் கட்டைவிரல் நகம் அளவுக்கு, காய்ந்த இலை நிறத்தில் ஓடும். பெண் பூச்சி முட்டையை எங்கேயும் இடாது, ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுத் தன் வழியே போய்விடும். ஆண் அத்தனையையும் சுமந்துகொண்டு, அவ்வப்போது தண்ணீருக்கு மேலே வந்து முட்டைக்குக் காற்றுக் காட்டிக்கொண்டு, குஞ்சு பொரியும்வரை திரியும். முதுகில் சுமை இருக்கிறவரை பறக்க முடியாது. பவுனம்மாள் ஒரு நாள் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து காட்டியபோது செல்லையா வெகுநேரம் பார்த்தார். “இந்த அப்பன் பூச்சி சரியான ஆளா இருக்கானே” என்று மட்டும் சொன்னார். அவர் ஒரே வரியில் பேச்சை முடித்தது அபூர்வம்.

இப்படிப்பட்ட பூச்சி லேசில் இடம் மாறாது. அதனால் எந்தக் குளத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று பார்த்தால், அந்த மண்ணும் ஆறும் முன்னொரு காலத்தில் எப்படிக் கிடந்தன என்று ஊகிக்கலாம். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். நாட்டின் நடுவில் பெகு யோமா மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி, ரங்கூனுக்கு வந்து ஒரு மேடாகத் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. மலைக்குக் கிழக்கே சித்தாங் ஆறு, மேற்கே ஐராவதி. இரண்டு பக்கத்துப் பூச்சிகளும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் ஒரு மரபணு உண்டு. அதை வாசித்தால் கிழக்குப் பூச்சி வேறு, மேற்குப் பூச்சி வேறு. லட்சக்கணக்கான வருடம் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்த குடும்பங்கள்.

வாசிக்கிற யந்திரம் ரங்கூனில் இல்லை. பூச்சியின் ஒரு காலைக் கிள்ளிச் சாராயத்தில் போட்டு, சின்னக் குப்பிகளில் ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பேராசிரியை மொரினாகா என்பவர் தம் ஆய்வுக்கூடத்தில் வாசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். குப்பிகள் தபாலில் போகாது. ஜப்பானுக்குப் போகும் யாராவது தெரிந்தவர் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனால் உண்டு.

பூச்சி பிடிக்க இடம் வேண்டுமே. கிழக்குப் பக்கத்துக்கு ரயில் பாதையை ஒட்டியே போனாள். டைக்கூவிலும் அதற்கு மேலேயும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிக் குட்டைகளில் வலை போட்டாள். ரயில்வே ஊழியர் மனைவி என்பதற்கு அந்த ஒரு லாபம். மேற்குக்கு ரங்கூன் ஆற்றைத் தாண்டி டாலாவிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணினாள். டாலா ஏழைபாழைகளின் ஊர். அங்கே குடிநீரே குளத்திலிருந்துதான், அதில் வலை போட்டால் அடிப்பார்கள். “மடத்துக்குப் பின்னால ஒரு கொளம் இருக்கு பவுனு. குடிக்கிற தண்ணி இல்ல, தாமரையும் மீனும்தான். பொங்ஜிகிட்ட கேட்டா விடுவாரு” என்று செல்லையாதான் சொன்னார். அவருக்கு ஊரில் தெரியாத மூலை கிடையாது என்பதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. படகில் அக்கரை போய், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, மடத்துப் பெரிய பிக்குவான பொங்ஜியைக் கும்பிட்டுக் கேட்டாள். கொல்ல மாட்டாயே என்று அந்தப் பெரியவர் கேட்டார். பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கால்தான் வேண்டும் என்றாள். காலை எடுத்துக்கொண்டு விட்டுவிடு, இன்னும் அஞ்சு இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்படியே செய்தாள்; அந்தக் குளத்தில் மட்டும்.

2006இல் ஜப்பானிலிருந்து முடிவு வந்தது. டாலாவின் வாய்க்கால்களிலும், அதற்குத் தெற்கேயும் மேற்கேயும், எதிர்பார்த்த மேற்குப் பூச்சிதான். மடத்துக் குளத்தில் மட்டும் பாதிக்குப் பாதி கிழக்குப் பூச்சி. டைக்கூப் பக்கத்துக் குடும்பம், அச்சு அசலாக.

பவுனம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலையைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, பெரிய ஆற்றைத் தாண்டி அது எப்படி வந்திருக்கும்? பல வாரம் பழைய நில வரைபடங்களோடு உட்கார்ந்தாள். மடத்துக் குளம் நீளவாக்கில் வளைந்து கிடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்டிய குளம் அப்படி வளையாது. அது ஒரு பழைய ஆற்றின் மிச்சம்! சில ஆயிரம் வருடங்களுக்கு முன், கடல் இன்னும் உள்ளே தள்ளி இருந்த காலத்தில், கிழக்கேயிருந்து ஒரு கிளையாறு மலையின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்திருக்க வேண்டும். பிறகு வண்டல் மூடிவிட்டது. ஆறு செத்தது, பூச்சி அந்த வளைவில் தங்கிவிட்டது.

அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறதே, கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டாமா என்று மொரினாகா எழுதிக் கேட்டார். சில ஆயிரம் வருடம் மரபணு மாறுவதற்குப் போதாது என்று பவுனம்மாள் பதில் எழுதினாள். அது தப்பான பதில் இல்லை. மொரினாகா சமாதானமானார், சமாதானமானது மட்டுமல்ல, சந்தோஷமும் பட்டார். பூச்சி சொல்லி ஓர் ஆறு கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? துறையில் இதுவரை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள்கூட வராந்தாவில் நின்று, ஆறு எப்படி இருக்கிறது ஸயாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பதைத் தொடப்போகிற பெண்ணுக்கு, வாழ்க்கையில் பாதி நாள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கிடைத்தது. அந்த அத்தியாயத்தின் மேல்தான் அவளுடைய பட்டமே நின்றது. அதை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் ஏற்கெனவே யாராவது சொன்னதுதான்.

2008 தொடக்கத்தில் மொரினாகா ரங்கூன் வந்தார். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார்கள். செல்லையா புது லோஞ்ஜி கட்டிக்கொண்டு, விருந்தாளிக்கு விசிறி, தலையணை, தண்ணீர் என்று தடபுடல் செய்தார். மொரினாகாவுக்குத் தமிழும் தெரியாது, பர்மியமும் தெரியாது. செல்லையாவுக்கு ஆங்கிலம் எட்டாது. பவுனம்மாள் நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆராய்ச்சிக்கு நீங்கள் மிகவும் உதவியதாக உங்கள் மனைவி சொன்னார் என்று மொரினாகா அவரிடம் மரியாதைக்குச் சொன்னார். அவ்வளவுதான், செல்லையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அந்தம்மாகிட்ட சொல்லு பவுனு, நானும் சும்மா இல்லன்னு சொல்லு. நீ ஆராய்ச்சி ஆரம்பிச்ச அடுத்த வருஷத்துலேர்ந்து ஒன் பொறந்த நாளைக்கு அந்தக் கொளத்துல போய் மீன் விட்டுட்டு வர்றேன். ஒங்கிட்ட சொன்னா பலிக்காதுன்னுதான் சொல்லல. புண்ணியம் கொளத்துலயே சேரட்டும், ஆராய்ச்சியும் அங்கதானே நடக்குதுன்னு.”

சமையலுக்கு வந்த மீனை விலைக்கு வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டால் புண்ணியம் என்பது அந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். புத்தரைக் கும்பிடுபவரும் செய்வார், முருகனைக் கும்பிடுபவரும் செய்வார். பவுனம்மாளே செய்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“எங்கேர்ந்து மீன்?” என்று கேட்டாள்.

“எங்கேர்ந்து? நம்ம ரயில்லதான். டைக்கூலேர்ந்து காலைல டின் டின்னா வருதே, விராலும் தேளியும். ஒரு டின்ன படகுல ஏத்திக்கிட்டுப் போய் அப்படியே கவுத்துருவேன்.”

“அப்படியேன்னா?”

“மேல ஆகாயத்தாமர போட்டு மூடி அனுப்புவான்ல, மீன் துள்ளாம இருக்க? அதோடதான். மீனுக்கும் போற எடத்துல நெழல் வேணுமில்ல?”

ஆகாயத்தாமரை வேரில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று பவுனம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய ஆறு அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே வற்றிப்போனது. மொரினாகா புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார்: உங்கள் கணவர் நீளமாக ஏதோ சொன்னாரே? பவுனம்மாள் ஆங்கிலத்தில் சொன்னாள்: இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மொரினாகா நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டார். தன் பங்கு உரிய இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செல்லையாவுக்குப் பரம திருப்தி.

பிறகு பல நாள் அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன செய்தோம் என்று அவருக்குப் புரியவும் இல்லை. கடைசியில் ஒரு நாள் காலை அவரை உட்காரவைத்துச் சொன்னாள். சரக்குக் கொட்டகையில் எந்தச் சாமான் எந்த ஊரிலிருந்து வந்தது என்று முகர்ந்தே சொல்கிற மனிதர், சொன்னதும் விளங்கிவிட்டது. “அப்ப நான் கெடுத்துட்டேனா?” என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. செல்லையா மீன் விட ஆரம்பித்தது ஆராய்ச்சி தொடங்கிய அடுத்த வருடம், 2004இல். அவள் முதன்முதலில் அந்தக் குளத்தில் பூச்சி பிடித்தது 2003இல். அந்தப் பழைய பூச்சிகளில் கிழக்குக் குடும்பம் இருந்துவிட்டால், அது செல்லையாவுக்கு முன்பே அங்கே இருந்தது என்றாகும். ஆறு பிழைத்துக்கொள்ளும்.

முதல் வருடம் எடுத்த கால்களை அவள் ஃபார்மலினில்தான் போட்டு வைத்திருந்தாள். ஃபார்மலினில் ஊறியதில் மரபணு தேறாது. அதனால்தான் ஜப்பானுக்கு அவற்றை அனுப்பவே இல்லை. ஆனால் அந்த வருடம் ஒரு நாள் ஃபார்மலின் தீர்ந்துபோய், செல்லையா யாரிடமோ வாங்கி வந்த நல்ல சாராயத்தில் சில கால்களைப் போட்ட ஞாபகம் அவளுக்கு இருந்தது. குடிக்கிற சரக்கைப் பூச்சிக்கு ஊற்றுகிறாளே என்று அன்றைக்கு அவர் புலம்பிய புலம்பல் அப்படி. பெட்டியைக் கிளறினாள். குப்பி இருந்தது. ஏப்ரலில் ஜப்பானுக்குப் போகும் ஒருவர் கையில் கொடுத்து, மொரினாகாவிடம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மே மாதம் நர்கிஸ் புயல் வந்தது. அதைப் பற்றி இங்கே என்ன சொல்ல? டாலாவில் வீடுகள் தாள் போலப் பறந்தன. அதற்குத் தெற்கே ஊர்களே இல்லாமல் போயின. தண்ணீர் வடிந்த பிறகு பவுனம்மாளும் செல்லையாவும் அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு படகில் போனார்கள். மடத்தின் கூரை இல்லை. குளத்தில் உப்புத் தண்ணீர் ஏறித் தாமரை கறுத்துக் கிடந்தது. ஒரு பூச்சி இல்லை, கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. ஊர் கிடக்கிற கிடப்பில் பூச்சியைத் தேடுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் ஆகாயத்தாமரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

மழை ஓயும் சமயத்தில் ஜப்பானிலிருந்து பதில் வந்தது. 2003ஆம் வருடக் கால்களில் பாதிக்குப் பாதி கிழக்குக் குடும்பம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செல்லையா சவரம் செய்துகொண்டிருந்தார். பவுனம்மாள் கதவிலேயே நின்று சொன்னாள். “நீங்க கெடுக்கலங்க. ஒங்களுக்கு முந்தியே அங்க இருந்திருக்கு. ஆறுதாங்க, ஆறுதான் கொண்டாந்து விட்டிருக்கு!” அவள் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. சோப்பு நுரையோடு அவர் பேசாமல் இருந்தார்.

அப்படியே இருந்திருக்கலாம். குளம் போய்விட்டது. பொங்ஜியும் புயலுக்குப் பிறகு வேறு மடத்துக்குப் போய்விட்டார். இனி யாராலும் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. இந்த மனிதர் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பட்டம், பேர், ஆறு எல்லாம் நிலைத்திருக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“மொத தடவ அது இல்ல, பவுனு” என்றார்.

“எது?”

“ஒனக்காக விட்டது ரெண்டாயிரத்து நாலுலேர்ந்து. அதுக்கு முந்தியும் போவேன்.” துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துடைக்கிறார் என்று அவள் நினைத்தாள். “பாப்பாவ மண்ணுல வெச்ச அன்னிக்கு... அந்தக் கையோட வீட்டுக்கு வர முடியல. ஷெட்டுக்குப் போனேன். ரயில் வந்திருந்திச்சு. டின்னுக்குள்ள மீன் தடதடன்னு அடிச்சிக்கிட்டு கெடந்திச்சு. இதையாவது உசுரோட விட்டுட்டு வருவமேன்னு தோணுச்சு. அதான் தூக்கிட்டுப் போனேன்.”

“டாலாவுக்கா?”

“இந்தப் பக்கம் எல்லாருக்கும் என்னயத் தெரியும். அந்தப் பக்கம் அழுதா யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க.” துண்டை இறக்கிவிட்டு, “வருஷா வருஷம் அந்தத் தேதிக்கும் போவேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார்.

பவுனம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக ஊர் சுற்றப் போனவர் என்று மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்த அந்த ஒரு பகலுக்கு இப்போதுதான் கணக்குத் தீர்ந்தது. அவள் அழுதாள். ஆற்றுக்காக அழுதாளா, மகளுக்காக அழுதாளா, இவரைப் பற்றி இத்தனை காலம் தப்பாக நினைத்ததற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செல்லையா ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பகல் முழுவதும் அந்த வீட்டில் கலாவைப் பற்றித்தான் பேச்சு. காது யாருடைய சாயல் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

சில வாரம் அவள் அத்தியாயத்தைத் தொடவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது; தினமும் பஸ்ஸில் வந்தது. செல்லையாவே ஒரு நாள், “நான் சொன்னது நம்ம வீட்டுக்குள்ள. நீ ஆத்தையே எழுதிக்க” என்றார். ஆனால் ஆறு என்று எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. ஆறுதான் கொண்டுவந்தது என்றால், அந்த நாளில் டின்னைத் தூக்கிக்கொண்டு யாரும் படகேறவில்லை என்று ஆகிவிடும். அதை மட்டும் அவளால் எழுத முடியவில்லை.

மொரினாகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தப்பாக மொழிபெயர்த்ததையும் சேர்த்து. பதில் வர நாளாயிற்று. வந்தபோது குளிர்ச்சியாகத்தான் வந்தது. ஆற்றைப் பற்றி இருவர் பெயரிலும் அறிவித்திருந்த கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும், அது சங்கடமான காரியம் என்றிருந்தது. இரண்டாவது பக்கத்தில் மட்டும், ஒரு குடும்பம் புது இடத்துக்கு வந்து சேர்ந்த வருடம் துல்லியமாகத் தெரிந்த குளம் எங்கேயும் லேசில் கிடைக்காது, அதை யோசித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

பவுனம்மாள் யோசித்தாள். 1997இல் தொடங்கி வருடத்துக்கு ஒரு டின் ஆகாயத்தாமரையோடு வந்து இறங்கிய சில பூச்சிகளின் பெண்வழி வாரிசுகள் ஆறு வருடத்தில் பாதிக் குளத்தைப் பிடித்திருக்கின்றன. மீன் விடுகிற நாட்டில், நேற்று வந்தது ஆதியிலிருந்து இருந்ததைப் போல எவ்வளவு சீக்கிரம் வேஷம் கட்டிவிடுகிறது என்பதுதான் புது அத்தியாயம். பழையதைவிடச் சின்னது. வராந்தாவில் நின்று யாரும் அதை விசாரிக்கவில்லை. துறைத் தலைவர், இது தேறுமா என்று பார்க்கலாம் என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எல்லாம் அந்த ஒரு வருடத்தின் மேல் நின்றது. 1997 சரியென்றால் ஆய்வு நிற்கும். ஆட்டம் கண்டால் எதுவும் இல்லை.

2010இல் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், கறாரானவர். செல்லையா கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, மூச்சு விடவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் மலையைக் கேட்டார், மரபணுவைக் கேட்டார், வண்டலைக் கேட்டார். பவுனம்மாள் பதில் சொன்னாள். கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஸயாமா, வருடம் 1997 என்று போட்டிருக்கிறீர்கள். சொன்னவர் ஒரு ரயில்வே ஊழியர். பதினோரு வருடம் கழித்து வாயால் சொன்னது. மனிதருக்கு ஞாபகம் பிசகும். 98ஆக இருக்கலாம், 95ஆகவும் இருக்கலாம். இதை நான் ஏன் நம்ப வேண்டும்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை, அவள் எழுதவில்லை. அறையில் மாணவர்கள் இருந்தார்கள், உடன் வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அவளுக்கு ஒரு குழந்தை பிறந்ததே தெரியாது. பவுனம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பிசகாது, ஸயா. எங்கள் மகள் இறந்த நாளில் அதைக் கொண்டுபோய் விட்டார்” என்றாள்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செல்லையா எழுந்து நின்றிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும், கொட்டகையில் அதிகாரிக்குச் சொல்வதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, பர்மியத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஆமாம், ஸயா. மழைக்காலம். புதன்கிழமை. பேர் கலா.”

தேர்வாளர் அவரை உட்காரச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு வேறு கேள்வி இல்லை என்றார்.